விலாசம் பார்த்து வண்டி வாங்க வேண்டாம்

நம் ஊர் நகரத்தார் காரியக்காரர்களுக்கும், புள்ளி வரி (குடும்பக் கணக்கில் ஊருக்குக் கொடுக்கும் வரி) செலுத்தும் அனைவருக்கும், வெளியூரிலும் கடல் கடந்தும் இருந்தபடி ஊர்க் காரியங்களுக்குக் கைகொடுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

2008ஆம் ஆண்டு வாங்கிய நம் ஊர்ப் பொது வேனை விற்றுவிட்டுப் புதிய வண்டி வாங்குவதென்று சென்ற மாதக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. அந்த முடிவில் எனக்கு மாறுபாடு இல்லை. பதினேழு ஆண்டுகள் உழைத்த வண்டியை இன்னும் தள்ளிக்கொண்டிருப்பது அதற்கும் நல்லதன்று, அதில் ஏறும் ஆச்சிமாருக்கும் நல்லதன்று. ஆனால் கூட்டத்துக்குப் பின் வந்த சுற்றறிக்கையில், “முன்பு போலவே அதே கம்பெனியின் வண்டி, உயர்ந்த மாடல்” என்று ஒரே வரியில் எழுதி, அதற்குக் காரணம் எதையும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். கண் அறுவைச் சிகிச்சைக்காக அன்று மதுரையில் இருந்தமையால் கூட்டத்தில் பேச இயலாமற்போனதை இங்கே எழுதுகிறேன். நான் எழுதுவது அந்த ஒரு வரியைப் பற்றி மட்டுமே.

என்னை அறியாத இளையவர்களுக்காக ஒரு சொல். மதுரையில் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பராமரிப்புக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எந்த லாரி எத்தனை கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் கேட்டது, எந்த பஸ் எத்தனை நாள் பட்டறையில் படுத்தது, எதன் ஸ்பேர் மறுநாளே வந்தது, எதற்கு மாதக் கணக்கில் காத்திருந்தோம் என்பதையெல்லாம் பேரேட்டில் ஏற்றி ஏற்றியே தலை நரைத்தது. வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி தின்ற பணத்தைப் படிக்கத் தெரியும்.

பெயரின் மதிப்பை அறியாதவர்கள் அல்லர் நம் முன்னோர். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்தவர்களுக்கு விலாசம் எனப்பட்ட, நான்கைந்து எழுத்துகளாலான கடைப்பெயர்தான் முதல். அந்த விலாசம் தாங்கிய உண்டியல் என்ற பணச்சீட்டு வேற்றூர்க் கடையில் பணமானது. ஆனால் அதே முன்னோர், அந்த விலாசத்தின் பேரில் கடை நடத்திய மேலாளை மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பி, தவணை முடிந்ததும் கணக்கைக் கேட்டார்கள். ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, நேர்படாவிட்டால் மைத்துனனாக இருந்தாலும் மறுதவணைக்கு வேறு ஆள் என்று என் ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன். விலாசத்தை நம்பியவர்கள் கணக்கையும் பார்த்தார்கள். பதினேழு ஆண்டுகள் ஓடிய நம் வேனுக்கு நாம் ஒரு தடவையேனும் ஐந்தொகை போட்டிருக்கிறோமா?

போடவில்லை என்பதால் இந்த மாதம் நானே போட்டேன். விடுதி அலுவலக அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த ரசீதுகளையும், ஓட்டுநர் தம்பி விடாமல் எழுதிவரும் பயணக் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். கடைசி ஐந்தாண்டுப் பட்டறைச் செலவு, அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளின் செலவைத் தாண்டிவிட்டது. அந்த வண்டி மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் பத்தாண்டு நன்றாகவே உழைத்தது. பின்னர் அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஸ்டியரிங் பாகத்துக்காக இருபத்து மூன்று நாள் வேன் நின்றிருக்கிறது. அந்த நாள்களுக்கு வாடகைக் கார் பிடித்த செலவு வேறு பதிவேட்டில் இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. “இத்தனை வருஷம் ஓடியதே, நல்ல கம்பெனிதான்” என்று நாம் சொல்லும்போது, ஓடிய நாள்களை மட்டும் எண்ணி நின்ற நாள்களை விட்டுவிடுகிறோம்.

காரியக்காரர் ஒருவர் என்னிடம் நேரில், “அந்தக் காலத்தில் அம்பாசிடர் தவிர வேறு வண்டி நம் வாசலில் நின்றதுண்டா? ஒன்றைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொள்வது நம் வழக்கம்” என்றார். எங்கள் வீட்டிலும் அம்பாசிடர்தான் நின்றது, அப்பச்சி அதைத் தம் கையாலேயே துடைப்பார்கள். ஆனால் அது பற்றா, வேறு வழியின்மையா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் பிறந்த அந்த வண்டிக்கு, தொழிலுக்கு அரசு உரிமம் கட்டாயமாக இருந்த லைசென்ஸ் காலத்தில் போட்டியாக இருந்தவை ஃபியட்டும் ஸ்டாண்டர்டும்தான். பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்த காலம் அது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, அம்பாசிடரைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டோம் என்றிருந்த வீடுகளின் வாசலிலும் சில ஆண்டுகளிலேயே அந்தச் சின்னக் கார் வந்து நின்றது. தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்ததும் பெரியவர்கள் கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அம்பாசிடர் 2014 மே மாதம் வரை உயிரோடிருந்ததற்கும் பெயர் காரணம் இல்லை. மரத்தடிப் பட்டறையிலும் அதைத் திறந்து மூட முடிந்தது, தகடு நசுங்கினால் தட்டி நிமிர்த்த முடிந்தது, வேட்டி சேலையோடு பெரியவர்கள் குனியாமல் ஏறி உட்கார முடிந்தது. இந்த மூன்று குணங்களையும் இன்றைய வண்டியில் தேடுவதே அம்பாசிடருக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

பெயரை மட்டும் நம்பியதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1985இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. உடல், இங்கிலாந்தில் பேர் பெற்ற ரோவர் எஸ்டி1 காரின் உடல். உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். பெரிய பெயரும் பெரிய விலையும் இருந்தும் சில ஆண்டுகளுக்குள் அந்தக் கார் நின்றுபோனது.

இன்று நிலைமை இன்னும் வேடிக்கையானது. ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் எஞ்சின் ஒன்று ஒரு காலத்தில் மாருதி, டாடா, ஃபியட், செவ்ரோலே ஆகிய பெயர்களைத் தாங்கிய கார்களில் ஓடியது. மாருதிக்காரரும் டாடாக்காரரும் கலியாணப் பந்தியில் உட்கார்ந்து “என் எஞ்சின்தான் உசத்தி” என்று வாதாடியதை நானே கேட்டிருக்கிறேன், இருவர் வண்டியிலும் துடித்தது ஒரே இதயம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாருதியின் பலேனோ, டொயோட்டாவின் விற்பனைக் கூடத்தில் கிளான்ஸா என்ற பெயரோடு நிற்கிறது. எர்டிகா அங்கே ரூமியன். அங்கிருந்து இன்னோவா ஹைகிராஸ் மாருதிக்கு வந்து இன்விக்டோ ஆகிறது. உத்தரவாதமும் சர்வீஸும் விலையும் வேறுபடலாம், அவற்றை ஒப்பிட்டு வாங்குவது அறிவுடைமை. பானட்டில் இருக்கும் சின்னத்தைக் கும்பிட்டு வாங்குவதற்கு இங்கே இடமில்லை.

கம்பெனி நம்மோடு கடைசிவரை இருக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது. செவ்ரோலே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்திய விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டில் மறைமலைநகர் ஆலையிலும் கார் உற்பத்தி ஓய்ந்தது. ஃபோர்டு என்றால் உயிரை விடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வண்டி இன்றும் நன்றாக ஓடுகிறது என்கிறார், ஆனால் வேறு ஊருக்குப் போனால் கோயிலுக்கு முன்பாக ஸ்பேர் கடையைத்தான் தேடுகிறார்.

இனி நம் வண்டிக்கு வருகிறேன். அது எதற்காக இருக்கிறது என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை, குறிப்பேடு சொல்கிறது. பயணங்களில் முக்கால்வாசிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்டவை: காரைக்குடி மருத்துவமனை, வங்கி, செட்டிநாடு ரயில் நிலையம், குன்றக்குடி. எஞ்சியவற்றில் மதுரைக் கண் மருத்துவமனைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் வீதம் ஓட்டம், அறுபதாம், எண்பதாம் வயதுச் சாந்திக் கலியாணங்கள், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், ஒன்பது நகரக் கோயில் சுற்று, ஆண்டுக்கு ஒன்றிரண்டு ராமேசுவரம். ஏறுகிறவர்களோ, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பும் வளவும் பட்டாலையும் கொண்ட பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் எழுபது எண்பது வயதுக்காரர்கள்.

சென்ற கார்த்திகையில் ஒரு காலை, டயாலிசிஸுக்குப் போகும் ஆச்சி ஒருவர் வண்டியில் ஏறுவதைத் திண்ணையிலிருந்து பார்த்தேன். ஓட்டுநர் தம்பி பின்கதவைத் திறந்து ஒரு முக்காலியை எடுத்துத் தரையில் வைத்தார். பலாக்கட்டையில் செய்த பழைய முக்காலி. ஆடாமலிருக்க ஒரு காலின் அடியில் டயர் ரப்பர் துண்டை ஆணியடித்திருந்தார். ஆச்சி இடது கையால் கதவு விளிம்பையும் வலது கையால் முன்இருக்கையின் தலைச்சாய்வையும் பற்றி, ஒரு காலை முக்காலியில் வைத்து நின்று மூச்சு வாங்கினார். பிறகு “முருகா” என்று சொல்லி மற்றக் காலைத் தூக்கினார். பாதம் படியில் தட்டிக் கீழே இறங்கியது. மூன்றாவது முறைதான் ஏற முடிந்தது. வாரம் மூன்று தடவை இது நடக்கிறது.

சுற்றறிக்கையைப் படித்த மறுநாள் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். நீங்கள் தேர்ந்திருக்கும் உயர்ந்த மாடலின் தளம், நம் பழைய வேனின் தளத்தைவிட நான்கு விரற்கிடை உயரம். விற்பனையாளர் தம்பி, “கிரவுண்ட் கிளியரன்ஸ் சூப்பரா இருக்கும் சார், பெரிய வீல்” என்று பெருமையாகச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. மலைப்பாதையில் போகிற இளைஞனுக்கு அது பெருமைதான். மூன்றாம் வரிசைக்குப் போக நடு இருக்கையை மடித்து அதன் மேல் தாண்ட வேண்டும் என்பதையும் அவர் உற்சாகமாகச் செய்து காட்டினார். மேற்கூரையில் கண்ணாடி திறப்பும் உண்டாம். வளவின் திறந்த முற்றத்துக்குள் வெயில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாம், ஆனால் மே மாதக் காரைக்குடி வெயிலை வண்டிக்குள் இறக்கிக்கொள்ள விலையும் கொடுக்க வேண்டுமா என்று நானும் யோசித்தேன்.

டீசலா பெட்ரோலா என்பதையும் பழக்கத்தை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். “நமக்கு எப்போதும் டீசல்தான்” என்று கூட்டத்தில் ஒரே குரலாகச் சொன்னதாக அறிந்தேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் வண்டி பழைய டீசல் வண்டி அன்று. புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் எனப்படும் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. எஞ்சின் கக்கும் நுண்கரி அதில் படிகிறது. படிந்ததை எரித்துச் சுத்தம் செய்ய அறுநூறு டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் வர வண்டி சீரான வேகத்தில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். மதுரைக்குப் போகும் வண்டிக்கு இது தானாகவே நடந்துவிடும். ஊருக்கும் காரைக்குடிக்கும் இடையே நின்று நின்று போய்வரும் வண்டிக்கு எரிப்பு பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்து, எரிப்புக்காகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் அளவே ஏறும். எச்சரிக்கை விளக்கைப் பொருட்படுத்தாவிட்டால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டு தவழத் தொடங்கும். இதில் எந்தக் கம்பெனியும் விதிவிலக்கன்று. நம் ஓட்டத்தின் இயல்புக்கு அந்த ஏற்பாடு ஒத்துவருமா என்பதே கேள்வி.

பணக் கணக்கும் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம், டீசல் வண்டி லிட்டருக்கு 13, பெட்ரோல் வண்டி 11, டீசல் லிட்டர் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டீசலால் ஆண்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 31,500 ரூபாய். டீசல் மாடலுக்கு இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அதைத் திரும்ப எடுக்கவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், இடையில் ஒரு வடிகட்டிச் செலவு வந்தால் அதுவும் போயிற்று. ஓட்டம் இதைப்போல் இரண்டு மடங்கானால் நானே டீசலுக்குக் கை தூக்குவேன். உயர்ந்த மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையின் கதை இன்னும் சுருக்கமானது: காப்பீட்டுக் கணக்கில் வண்டியின் மதிப்பு முதல் ஆண்டு முடிவில் 15 சதவீதமும், நான்காண்டு தாண்டி ஐந்தாண்டுக்குள் 50 சதவீதமும் கழிக்கப்படுகிறது. தொடுதிரையும் அலாய் வீலும் அதில் சேர்ந்தே தேயும்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துருப்பிடித்தலாகிய அரிமானத்தை ஆராயும் சிக்ரி என்னும் மத்திய ஆய்வு நிறுவனம், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் வண்டியின் அடித்தகட்டைக் குனிந்து பார்க்காமலே வாங்குகிறோம், ராமேசுவரம் போய் வந்த வண்டியை மேலே மட்டும் கழுவுகிறோம். நம் வேனின் நடு இருக்கைக்குக் கீழே கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், விரல் நுழையும் ஓட்டை வழியாகச் செம்மண் தெரியும்.

பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று நான் வாதாடவில்லை. பக்கத்தில் சர்வீஸ் நிலையம் இருப்பது, ஸ்பேர் மதுரையிலேயே கிடைப்பது, விற்கும்போது விலை போவது ஆகியவையெல்லாம் பெயரோடு ஒட்டி வருபவைதாம். ஆனால் அவற்றைத் தனித்தனியே விசாரித்து அறியலாம். காரைக்குடி வாடகைக் கார் நிறுத்தத்தில் ஒரு மாலை நின்று, ஓட்டுநர்களிடம் மீட்டரைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகள் இரண்டு வெவ்வேறு கம்பெனியினுடையவை. ஆனால் அவற்றுள் ஒன்றின் கம்பெனி செய்த வேறொரு மாடலை அங்கே ஒருவரும் வைத்திருக்கவில்லை. “அது நமக்குத் தாங்காது சார்” என்றார்கள். உழைப்பு மாடலுக்கு உரியது. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் என்கேப் மோதல் சோதனையின் நட்சத்திரங்களும் மாடலுக்குத்தான் தரப்படுகின்றன, கம்பெனிக்கு அல்ல. ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகள் வெவ்வேறு மதிப்பெண் வாங்குவதும் உண்டு.

கடைசியாகச் சிங்கப்பூர் அண்ணன் அவர்களுக்கு. பாதித் தொகையைத் தாங்கள் தருவதாகவும், தங்கள் அப்பச்சி அந்தக் கம்பெனி வண்டியையே வைத்திருந்தமையால் அதே பெயர் வேண்டுமென்று விரும்புவதாகவும் கேள்விப்பட்டேன். தங்கள் அப்பச்சியை நான் அறிவேன். எண்ணெய் விலை ஏறிய ஆண்டில் அந்தக் காரை விற்றுவிட்டு ரயிலில் மூன்றாம் வகுப்பில் மதுரைக்கு வந்து போனவர்கள் அவர்கள். அவர்கள் பெயரை வண்டியின் இரு கதவுகளிலும் பெரிய எழுத்தில் எழுதுவதைக் காரியக்காரர்கள் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். பானட்டில் யார் சின்னம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த ஆச்சியின் காலுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரியக்காரர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. முன்பணம் கட்டுவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் ஆன்-ரோடு விலை மட்டுமின்றி, ஐந்தாண்டுச் சர்வீஸ் செலவையும், கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களின் விலைப் பட்டியலையும், அவை எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சோதனை ஓட்டத்துக்கு ஷோரூமுக்கு நாம் போவதற்குப் பதில் வண்டியை ஊருக்கு வரவழைத்து, நம் தெருவிலேயே, ஆச்சிமாரை ஏற்றி இறக்கிப் பாருங்கள்; ஓட்டுநர் தம்பியின் சொல்லுக்கும் ஓர் ஓட்டு கொடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு அதே கம்பெனி வண்டியே முன்னே நின்றால் நான் மறுபேச்சின்றிக் கையெழுத்திடுவேன், பூசைக்கு எலுமிச்சம்பழமும் என் செலவு. குறிப்பேட்டிலிருந்து எடுத்த ஐந்தொகையின் படியை விடுதி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
மேலத் தெருப் புள்ளி ஒருவன்

பின்குறிப்பு: அளவு நாடாவும் முக்காலியும் வண்டிக் கொட்டகையில் சாவிப் பலகைக்குக் கீழே இருக்கின்றன. ஷோரூமுக்குப் போகிறவர்கள் இரண்டையும் எடுத்துச் செல்லலாம், ஆனால் முக்காலியைச் செவ்வாய், வியாழன், சனிக் காலைகளுக்கு முன் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.